கரகல்லாவின் காசில் குங்குமம்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த பழங்காசுப் பிரிவில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார்களாம். காசின் படத்தைக் கொடுத்தால் அசலா போலியா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுமாம். அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அதைக் காட்டினார்கள். கெட்டிக்காரச் சாமான்தான், குறை சொல்லமாட்டேன். சாப்பாடு முடிகிற நேரம் ஒருத்தி கேட்டாள்: "பிலோ, இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு தரமாவது பிழை விட்டிருக்கிறீர்களா?" விட்டேன். அதுவும் சின்னப் பிழை இல்லை. அதை எப்படித் திருத்தினேன் என்பதுதான் என் சேவைக்காலத்தில் நான் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய கதை. அன்று அவளுக்கு மீற்றிங் இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன். இங்கே முழுவதும் எழுதுகிறேன். அடக்கமாக எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் பிலோமினா. யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர். லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம் ஓர் ஏல நிறுவனத்தின் பழங்காசுப் பிரிவில் தட்டச்சு வேலை கிடைத்தது. நிபுணர்கள் காசைப் பார்த்துத் துண்டில் குறிப்பு எழுதித் தருவார்கள், நான் அதை அடித்துக் கொடுக்கவேண்டும். ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர், 'பெண் ஒருத்தி பாம்புக்குத் தீனி கொடுக்கிறாள், பெயர் தெரியவில்லை' என்று எழுதித் தந்தார். காசின் ஓரத்தில் அரைகுறையாக நின்ற எழுத்துகளையும் குறித்திருந்தார். எங்கள் பங்குச் சாமியார் மாதாவுக்குச் சொல்லுகிற பழைய லத்தீன் மன்றாட்டில் அந்தச் சொல் வரும். நோயாளிகளுக்கு ஆரோக்கியம் என்று அர்த்தம். நான் பேசாமல் 'சலுஸ், ஆரோக்கியத்தின் தேவி' என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பிரிவுத் தலைவர் விட்கம் என் மேசைக்கு வந்து, "இதை அடித்தது யார்?" என்று கேட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என் கதிரையைத் தூக்கித் தன் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். எட்டு வருடத்தில் ரோமப் பேரரசர் காசுகள் முழுவதும் என் கைக்கு வந்தன. இடைப்பட்ட படிப்பு, பரீட்சை, அழுகை எல்லாம் யாருக்கும் சுவாரசியமில்லாத சங்கதிகள்.

விட்கமைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். உயரமான மனுசன், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. காசை எடுத்தால் ஓரத்தில்தான் பிடிக்கவேண்டும், பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும். பச்சைக் கம்பளித் தட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது. முதலில் நிறை, பிறகு விளிம்பை ஒரு சுற்று, பிறகு முகம், பிறகு முதுகு. அதுவரை எந்தப் புத்தகத்தையும் திறக்கக்கூடாது. கண்டதை வாயால் சொல்லவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "எஸ்குலாபியஸ் நிற்கிறார்" என்று வைத்தியத் தெய்வத்தின் பெயரோடு தொடங்கினால், "அது பெயர். நீங்கள் என்ன காண்கிறீர்கள்?" என்பார். தாடி வைத்த ஆண், மார்பில் துணி இல்லை, வலக்கையில் தடி, தடியில் பாம்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கவேண்டும். ஆரம்பத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பிறகு பழகிவிட்டது.

அவர் வாயிலிருந்து 'போலி' என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. "எனக்கும் இதற்கும் ஒத்துவரவில்லை" என்பார். காசுக்குரிய துண்டை எடுத்து எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான், அந்தக் காசின் கதை முடிந்தது. கவிழ்த்த துண்டை அவர் திருப்பி வைத்ததை அதுவரை ஒருவரும் கண்டதில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். பதினைந்து வருடத்துக்கு முந்தியது. ஒரு சட்டத்தரணி மூலம் இருபத்து மூன்று காசுகள் வந்தன. சொந்தக்காரரின் பெயர் எங்களுக்குத் தரப்படாது, அது எங்கள் வழக்கம். பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்பது விட்கமின் கொள்கை. கூட வந்த கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது: காலமான ஓர் ஆஸ்பத்திரித் தொழிலாளி சேர்த்தவை, நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகிற போர்ட்டர் வேலை செய்தவர், நோய் தீர்க்கும் தெய்வங்கள் உள்ள காசுகளை மட்டுமே சேர்த்தார். ஒரு மருத்துவ அருங்காட்சியகம் அவற்றை அவருடைய பெயரிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சம்மதித்திருந்தது. ஒரு நிபந்தனை. இருபத்து மூன்றும் அசல் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒன்று பிழைத்தாலும் முழுத் தொகுப்பும் திரும்பிப் போகும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தொகுப்பைப் பார்த்த உடனேயே எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போய்விட்டது. எல்லாம் தேய்ந்த காசுகள், சனிக்கிழமைச் சந்தைகளில் பொறுக்கியவை. ஆனால் தெரிந்து பொறுக்கியிருந்தார். கிண்ணத்திலிருந்து பாம்புக்கு ஊட்டுகிற சலுஸ், பாம்பைக் கையில் ஏந்திய ஹைஜியா, கொள்ளைநோய்க் காலத்தில் அடித்த அப்பல்லோ. ரோமப் பேரரசருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாட்டில் நோய் வந்தாலும், நாங்கள் நேர்த்தி வைப்பதுபோல அவர்கள் காசில் தெய்வத்தை அடித்தார்கள். ஒவ்வொரு காசும் ஒரு சின்ன உறையில். உறைமேல் நீலப் பேனையால், வார்டுப் பலகையில் எழுதுவதுபோலப் பெரிய ஆங்கில எழுத்துகள். சலுஸுக்கு 'அட்மிஷன்'. அப்பல்லோவுக்கு 'ஐசலேஷன்'. வாசித்துச் சிரித்தேன்.

இருபத்து மூன்றாவது உறையில் 'டிஸ்சார்ஜ்' என்று இருந்தது. தொகுப்பின் தலைக்காசு அதுதான். கரகல்லா என்ற பேரரசர் அடித்த பெரிய பித்தளைக் காசு. அந்த ஆள் தீராத நோய் வருத்தக்காரன். வைத்தியத் தெய்வங்களின் கோவில் கோவிலாக ஏறி இறங்கினவன். காசின் முதுகில் எஸ்குலாபியஸ் தடியோடு நிற்கிறார். காலடியில் முக்காடு போட்ட ஒரு குட்டி உருவம், டெலஸ்போரஸ். நோய் விட்டபிறகு உடம்பு தேறுகிற நாட்களுக்கான தெய்வம். அதற்கு 'டிஸ்சார்ஜ்' என்று பெயர் வைத்த போர்ட்டரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

உறையைத் திறந்தேன். காசு பளபள என்று மின்னியது.

ஆயிரத்து எண்ணூறு வருடப் பித்தளை மின்னாது. காலம் ஏற்றிய பழுப்புப் படலம் இருக்கவேண்டும். அது ஒரு பொட்டுக்கூட இல்லை. லென்ஸை வைத்துப் பார்த்தால் டெலஸ்போரஸின் முக்காட்டு மடிப்புகளில் சிவப்பாக ஏதோ அடைந்திருந்தது. விட்கம் பார்த்தார். "மெருகு போடுகிற சிவப்பு மா" என்றார். நகைப் பட்டறைகளில் பாவிக்கிற பொருள். போலிக் காசு செய்கிறவர்களும் அதைத்தான் பாவிப்பார்கள். எங்களிடம் போலிகளின் படங்கள் அடங்கிய ஒரு பெட்டி இருந்தது. அதைப் புரட்டினேன். இதே காசின் வார்ப்புப் போலி ஒன்று அகப்பட்டது. அதில் எஸ்குலாபியஸின் முழங்கையருகே தொடங்கிப் பாம்பின் பக்கம் போகிற ஒரு கீறல். எங்கள் காசைப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில் அதே கீறல்.

இரண்டு காசில் ஒரே கீறல் தற்செயலாக விழாது. ஒன்றைப் பார்த்து ஒன்று வார்த்ததாகத்தான் இருக்கவேண்டும். மினுக்கத்தையும் சிவப்பையும் சேர்த்துப் பார்த்தால், வார்த்தது எங்களுடையது. "போலி" என்று நானே வாயால் சொன்னேன். விட்கம் தலையை ஆட்டினார். "எனக்கும் இதற்கும் ஒத்துவரவில்லை" என்றார். துண்டைக் கவிழ்த்தார். அருங்காட்சியகத்துக்கு வியாழக்கிழமை கடிதம் போகும் என்று முடிவாயிற்று. அன்று செவ்வாய். எனக்கு மனவருத்தம்தான், ஆனால் சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சாண்ட்விச்சை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது கையிலிருந்து ஒரு வாசம் வந்தது. பெருவிரலைப் பார்த்தேன், நகக்கண்ணில் சிவப்பு. மணந்து பார்த்தேன். மாதாவே! சந்தனம்! நான் வேதக்காரிதான், ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குச் சந்தன வாசம் தெரியாமல் போகுமோ? சாண்ட்விச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பல்லுக்குத்தும் குச்சி ஒன்றால் முக்காட்டு மடிப்பை மெல்லத் தொட்டேன். மெருகு மா என்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இது பொடியாக உதிர்ந்தது. அடியில் மஞ்சளாக ஒரு படை. சந்தனத்துக்கு மேலே குங்குமம். யாரோ இந்தக் காசுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்!

விட்கமிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சிவப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கீறலுக்கு?" என்றார்.

"சொந்தக்காரரைப் பார்க்கவேண்டும்."

"அது எங்கள் வழக்கம் இல்லை, மிஸிஸ் பிலோ."

"வழக்கம் இல்லைத்தான். ஆனால் ஒரு மனுசனின் பெயரை அழிக்கிற கடிதத்தை நான் அடிக்கமாட்டேன். வேறு யாரையும் கொண்டு அடிப்பியுங்கள்."

அவரோடு நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சட்டத்தரணிக்குப் போன் எடுத்தார்.

புதன் காலை, சட்டத்தரணி தந்த விலாசப்படி, லண்டனின் வடமேற்கே கிங்ஸ்பரியில் ஒரு வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் யோகேஸ்வரி, போர்ட்டரின் மனைவி. அறுபது வயதிருக்கும். என்னைக் கண்டதும், "நீங்கள் தமிழே? அந்த ஒஃபிசிலை தமிழ் ஆக்களும் இருக்கினமோ?" என்று வாயைப் பிளந்துவிட்டார். தேத்தண்ணீர் வந்தது. நான் சுற்றிவளைக்கவில்லை.

"தங்கச்சி, அந்தப் பெரிய காசை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"சாமியறையிலை, அக்கா. அவர் போனாப்பிறகு, இப்ப இரண்டு வருசமா. அவர் இருக்கேக்கை என்னைத் தொடவே விடேல்லை. இது ரோமாக்களின்ரை வைத்தீசுவரன் எண்டு சொல்லுவார். சாமியெண்டால் சாமியறையிலைதானே இருக்கவேணும்?"

"பொட்டு வைச்சனீங்களோ?"

"ஓம். வெள்ளிக்கு வெள்ளி."

"மினுக்கினனீங்களோ?"

"பின்னை? பொட்டு வைக்க முன்னம் ஒவ்வொரு வெள்ளியும் குத்துவிளக்கோடை சேர்த்துப் புளி போட்டு நல்லா மினுக்கினனான். கரிப்பிடிச்சுக் கிடந்தது. பெரிய இடத்துக்குக் குடுக்கிற சாமானை ஊத்தையாவே குடுக்கிறது?"

புளி! எனக்குத் தலையில் கை வைக்காத குறை. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. பதினெட்டு நூற்றாண்டு போர்த்துவிட்ட படலத்தை இரண்டு வருட வெள்ளிக்கிழமைகளில் உரித்தெடுத்திருந்தார் அந்த மனுசி. வந்த கோபத்தில் ஏசிவிட்டேன். "உங்களுக்கு விசரே? ஆர் உங்களுக்கு உதைச் செய்யச் சொன்னது?" அவரின் முகம் செத்துப்போனது.

"நான் கெடுத்துப்போட்டனோ, அக்கா? அவரின்ரை பேர் வராதோ? இருபத்தெட்டு வருசம் அந்த ஆஸ்பத்திரியிலை உழைச்ச மனுசன். ஒரு இடத்திலையாவது பேர் வரட்டும் எண்டுதான் நான் குடுத்தது. என்ரை கையாலையே கெடுத்துப்போட்டனோ?"

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அவர் செய்தது அன்பினால் செய்த பிழை. நான் செய்ததுதான் தொழில் பிழை, அது எனக்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான் விளங்கியது. "முன்னம் அது எப்பிடி இருந்தது எண்டு காட்ட ஏதும் படம் கிடக்கோ?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் அல்பத்தை எடுத்து வந்தார். போர்ட்டர் அந்தக் காசை வாங்கிய நாளில் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலடியில் வைத்து, அதன் முதுகை நெருக்கமாக எடுத்த படம். காசு நல்ல கடும் பழுப்பு. அழகென்றால் அப்படியொரு அழகு. அந்தப் பழுப்பைப் பார்த்தே பாதி நிம்மதி வந்துவிட்டது.

ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. அந்தப் படத்தில் வெளிச்சம் மறுபக்கத்திலிருந்து விழுந்திருந்தது. எங்கள் படத்தில் கீறல்போலப் பள்ளமாகத் தெரிந்த கோடு, இதில் மேடாகத் தெரிந்தது.

சுருக்கமாக விளக்குகிறேன். காசில் கீறல் விழுந்தால் அது பள்ளம். காசை அடிக்கிற இரும்பு அச்சு வெடித்தால், அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து காசில் மேடாக எழும்பும். அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அந்த மேடு வரும். அதில் எந்தக் குற்றமும் இல்லை. போலி வார்த்தவனும் அதே அச்சில் அடித்த ஓர் அசலைத்தான் பார்த்து வார்த்திருப்பான். அசல் காசு கையில் இருக்க, நான் படத்தோடு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். வெளிச்சம் விழுகிற பக்கத்தைப் பொறுத்துப் படத்தில் மேடும் பள்ளமும் மாறித் தெரியும் என்பது முதல் வருடத்துப் பாடம்.

"தங்கச்சி, நான் போறன். நீங்கள் அழாதேங்கோ" என்றேன். அல்பத்தையும் பறித்துக்கொண்டு ஜுபிலி லைனில் ஏறினேன். ரயில் அன்றைக்கென்று ஊர்ந்தது.

பிரிவுக்குள் போன உடனே கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விளக்கை இடப்பக்கம் திருப்பினேன், பிறகு வலப்பக்கம். மரக்குச்சியின் நுனியைக் கோட்டின் குறுக்கே இழுத்தேன். நுனி ஏறி இறங்கியது. மேடு! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். பிறகு கோட்டை அதன் தொடக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் பின்தொடர்ந்தேன். அங்கேதான் அந்தப் பெரிய சங்கதி இருந்தது. விட்கமைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"என்ன காண்கிறீர்கள்?"

"மேடான ஒரு கோடு. முழங்கையருகே தொடங்குகிறது. பாம்பின் தலையைத் தொடுகிறது. அதைத் தாண்டுகிறது. ஓரத்து எழுத்து ஒன்றை வெட்டுகிறது. விளிம்புவரை போகிறது."

"பெட்டியில் இருந்த படத்தில்?"

"பாம்பின் தலையோடு நின்றுவிடுகிறது."

கண்ணைத் திறந்தார். என் கையிலிருந்த லென்ஸை வாங்கினார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பார்த்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "அச்சின் வெடிப்பு அடிக்க அடிக்க நீளும். வார்ப்பில் நீளாது."

அதேதான்! போலிக்குத் தாயாக இருந்த காசு, அச்சு அப்போதுதான் வெடிக்கத் தொடங்கிய நேரத்தில் அடித்தது. எங்களுடையது அதற்குப் பிறகு, வெடிப்பு விளிம்புவரை ஓடியபின் அடித்தது. போலியோடு எங்கள் காசுக்கு எந்த ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விளிம்பை இந்தமுறை ஒழுங்காகச் சுற்றிப் பார்த்தோம், வார்ப்பின் இரண்டு பாதி சேருகிற கோடு இல்லை. மறுபடியும் நிறுத்தோம், நிறையும் சரி. படலம் போனது நட்டம்தான், காசு அசல்.

விட்கம் கவிழ்த்த துண்டை எடுத்துத் திருப்பி வைத்தார். அறையில் நின்ற நாலைந்து பேரும் அதைக் கண்டார்கள். பிறகு தன் பேனையை என்னிடம் நீட்டினார். "கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். கையெழுத்தும் உங்களுடையது. எனக்கு இந்தக் காசு ஒத்துவரவில்லை என்று சொன்னவன் நான்" என்றார். போலி என்று சொன்னவள் நானும்தான் என்றேன். "நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்" என்றார். அந்த ஆளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க ஏலாது. எனக்கு அதுவே போதும். வியாழக்கிழமை கடிதம் போனது, இருபத்து மூன்றும் அசல் என்று, என் பெயரில். கிங்ஸ்பரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு, "அக்கா, இனி நான் ஒண்டையும் மினுக்கமாட்டன்" என்றார்.

அடுத்த வசந்தத்தில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவைத்தார்கள். யோகேஸ்வரி கூறைச் சேலை உடுத்து வந்தார். நானும் விட்கமும் போயிருந்தோம். அந்த ஆஸ்பத்திரியின் பெரிய பெரிய டொக்டர்மார் வந்திருந்தார்கள். தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், ஓய்வு பெற்றவர், யோகேஸ்வரியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சிட் எனக்கு நல்லாய்த் தெரிந்தவர். என் நோயாளிகளை எல்லாம் சிட்தான் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவருவார்" என்றார். யோகேஸ்வரி என் முகத்தைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருசமும் உப்பிடித்தான் கூப்பிட்டவை, அக்கா" என்றார் தமிழில். "ஒருத்தரும் முழுப்பேர் கேட்டதில்லை."

பிறகு அவர் அந்த டொக்டரின் கையை விடாமல், பெட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பித்தளைத் தகட்டைக் காட்டினார். "ப்ளீஸ், ரீட்" என்றார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பாதியில் தடுக்கினார். யோகேஸ்வரி தலையை ஆட்டி மறுபடி வாசிக்கச் சொன்னார். சுற்றியிருந்த டொக்டர்மாரும் வந்து குனிந்தார்கள். வெள்ளைத் தலைகள் ஒன்றாய்ச் சேர்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டின. மூன்றாம் தரம் அந்த மனுசன் நிமிர்ந்து நின்று, சத்தமாக, ஒரு பிழை இல்லாமல் சொன்னார்:

"கந்தையா சிவஞானசுந்தரம்."

"ஓம்," என்றார் யோகேஸ்வரி. "அவர்தான்."